வெள்ளைத் திட்டு

பிப்ரவரி 4

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே நாங்கள் நால்வரும் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, யாரையும் மரத்தில் மோதவிடாமல் நலமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் ஏன் என்று கேட்பாய். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டே அறை. நான் போனில் மெதுவாகப் பேசினாலும் உன் மாமாவுக்கும் மகனுக்கும் மருமகளுக்கும் கேட்கும். அதனால் சாப்பாட்டு இடைவேளையில் தையல் கூடத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் கூடத்து முகவரிக்கே பதில் போடு.

பெரிதாக ஒன்றுமில்லை. கொஞ்ச நாளாக உட்கார்ந்து தைக்க முடியவில்லை. முப்பது மெஷின் ஓடுகிற கூடத்தில் நான் மட்டும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து நிற்கிறேன். சூப்பர்வைசர், "என்னக்கா, நாற்காலியில ஆணி ஏதும் இருக்கா?" என்று கேட்டே விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். திரைச்சீலை வெட்டும் மேஜைக்கு மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். அங்கே நின்றுகொண்டே வேலை பார்க்கலாம்.

சின்னத் தொந்தரவுதான். உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. இப்போது எழுத உட்கார்ந்தால் சொல்லவும் வரவில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

பிரியமுள்ள அக்கா


பிப்ரவரி 13

என் அக்காவுக்கு,

நான் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறேன். மாமாவின் முழங்கால் வலி எப்படி? மருமகளை விசாரித்ததாகச் சொல்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். மூலத்துக்கா இத்தனை பூடகம்? உலகத்தில் பாதிப் பேருக்கு இருக்கிறது. வெந்நீரில் உட்கார், தண்ணீர் நிறையக் குடி, காய்கறி சாப்பிடு. இதற்குப் போய் தபால் தலை ஒட்டுவார்களா?

இங்கே என்னிடம் இந்த மாதம் பதினோரு பெண்கள் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறார்கள். அதில் ஒருத்தி, வயது அறுபது, வண்டி நகர்ந்ததும் கண்ணை மூடிக்கொள்கிறாள். என் பக்கத்தில் இருக்கிற இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்து என் வலது கால் மட்டும் பருத்துவிட்டது. பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் பிரேக்கம்மா. இப்போது டிரைவிங் பள்ளி முதலாளியே அப்படித்தான் கூப்பிடுகிறார்.

மூலம்தானே? வேறு ஒன்றும் இல்லையே? இருந்தால் எழுது.

உன் தங்கை


மார்ச் 1

அன்புள்ள தங்கைக்கு,

உன் கால் வலி தேவலையா? இங்கே மாமாவுக்கு முழங்கால் பரவாயில்லை.

மூலம் இல்லையடி. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

அரிப்பு. முன்பக்கம், அந்த இடத்தில். எட்டு மாதமாக. முதலில் வேர்வை என்று நினைத்தேன். பிறகு சுத்தம் போதவில்லை என்று நினைத்து ஒரு நாளைக்கு மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவினேன். கிருமிநாசினி ஊற்றினேன். உப்புப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் உட்கார்ந்தேன். மருந்துக் கடையில் பெண் நிற்கிற நேரமாகப் பார்த்துப் போய் காதோடு சொன்னேன். பூஞ்சை என்று சொல்லி ஒரு களிம்பு கொடுத்தாள். அது முடிந்ததும் இன்னொன்று. பிறகு மூன்றாவது. ஒவ்வொன்றும் நாலு நாள் கேட்கிறது, ஐந்தாம் நாள் பழைய குருடிதான். தூக்கத்தில் சொறிந்து ரத்தம் வந்துவிடுகிறது என்று கையில் துணியைச் சுற்றிக்கொண்டு படுக்கிறேன்.

போன வாரம் கதவைத் தாழ் போட்டுவிட்டுக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வெள்ளைத் திட்டு. இஸ்திரிப் பெட்டி சூடு அதிகமாகி நைலான் துணியில் பட்டால் சுருங்கிப் பளபளவென்று ஆகுமே, அப்படி இருக்கிறது தோல். அங்கங்கே கீறல். இருந்த மடிப்பு ஒன்று காணவே காணோம்.

உன் மாமாவை நான் கிட்டே விட்டு மாதக்கணக்காகிறது. "என் மேல ஏதும் கோவமா?" என்று ஒரு நாள் கேட்டார். தலைவலி என்றேன். அவரிடமிருந்து எனக்கு வந்ததோ, என்னிடமிருந்து அவருக்குப் போய்விடுமோ என்று இரண்டு பக்கமும் பயம்.

அதைவிடப் பெரிய பயத்தைக் கேட்டுவிடுகிறேன். அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் புற்று வந்ததே, அது அரிப்பில்தான் ஆரம்பித்ததா? நான் அப்போது மகனை வயிற்றில் வைத்துக்கொண்டு இங்கே இருந்தேன். கடைசி ஆறு மாதம் நீதானே கூட இருந்தாய். உனக்குத் தெரிந்திருக்கும். உடனே எழுது. உடம்பைக் கவனித்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

சுகம். நீ?

வேலை அதிகம், அதனால்தான் தாமதம். இந்த வாரமே பெண் டாக்டரிடம் போய்க் காட்டு. இனி மருந்துக் கடைக்குப் போகாதே. பார்க்காமலே களிம்பு கொடுப்பவளுக்கு என்ன தெரியும்?

அதுவரை அங்கே சோப்பு போடாதே. எந்தச் சோப்பும். கிருமிநாசினியை இன்றே குப்பையில் போடு. வெதுவெதுப்பான வெறும் தண்ணீர் போதும். தேய்த்துத் துடைக்காமல் ஒற்றி எடு. பவுடர், வாசனைத் திரவம் எதுவும் வேண்டாம். நைலான் உள்ளாடையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தளர்வான பருத்தித் துணி போடு. இறுக்கமாக எதையாவது போட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருந்தால் சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பிக்கும் எரிச்சல் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அவிழ்த்துப் போட்டால்தான் அடங்கும். சிறுநீர் போகும்போது எரிந்தால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போ. நகத்தை ஒட்ட வெட்டு. அரிக்கும்போது ஈரத்துணியை வைத்து அழுத்து, சொறியாதே.

எப்படித் தெரியும் என்று கேட்காதே. எங்கேயோ படித்தேன்.

தங்கை


ஏப்ரல் 22

அன்புள்ள தங்கைக்கு,

ஐந்து வாரம் உன் பதிலுக்குத் தவம் கிடந்தேன். நலமாகத்தானே இருக்கிறாய்? அம்மாவைப் பற்றிக் கேட்டதற்கு ஒரு வரிகூட இல்லையே. மறந்துவிட்டாயா?

நீ சொன்னபடி சோப்பை நிறுத்தினேன். எரிச்சல் பாதி குறைந்திருக்கிறது. அரிப்பு போகவில்லை.

டாக்டரிடம் போன கதையைக் கேள். சின்னக் காத்திருப்பு அறை, ஏழெட்டுப் பேர், அதில் இரண்டு பேர் எங்கள் தெரு. மேஜைக்குப் பின்னாலிருந்து நர்ஸ், "உங்களுக்கு என்னம்மா கம்ப்ளெயிண்ட்?" என்று கூவினாள். அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. "தலைவலி" என்றேன். உள்ளே போனால் ஆண் டாக்டர். கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். பயத்தில் அது எகிறியிருந்தது. தலைவலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் சிரிப்பும் அழுகையும்.

நேற்று இன்னொன்று நடந்தது. துவைக்கிற துணியைப் பிரித்துக்கொண்டிருந்த மருமகள் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"அத்தை, மூணு மாசமா உங்க துணியில ரத்தம் பாக்குறேன். உங்களுக்கு மாதவிடாய் நின்னு மூணு வருஷம் ஆச்சுன்னு எனக்குத் தெரியும். நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன். இனிமே காத்திருக்க எனக்கு தைரியம் இல்ல."

சமையல்கட்டு மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் முகம் சுளிக்கவில்லை. "சனிக்கிழமை போறோம்" என்றாள், அவ்வளவுதான்.

பயமாக இருக்கிறது. எழுது.

அக்கா


மே 6

அன்புள்ள தங்கைக்கு,

போன கடிதத்துக்கே பதில் வரவில்லை. உனக்கு உடம்பு சரியில்லையா? போன் செய்தால் "வண்டியில இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய்.

சனிக்கிழமை போய் வந்தோம். பெண் டாக்டர், என்னைவிட இளையவர். மருமகளே ஒரு சீட்டில் எழுதி நர்ஸிடம் கொடுத்துவிட்டாள், நான் வாயைத் திறக்கவேண்டி வரவில்லை. திரை மறைத்த கட்டிலில் படுத்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"ஒரு வருஷம் ஆகப் போகுது டாக்டர்."

"இவ்வளவு நாள் எப்படிம்மா தாங்கினீங்க?"

அந்த ஒரு கேள்விக்கு அப்படி அழுதேன். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

தோல் நோய் மாதிரி தெரிகிறது, ஆனால் ஓரிடத்தில் கொஞ்சம் தடித்திருக்கிறது, சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம் என்றார். மரத்துப்போக ஊசி போட்டு, அரிசி அளவு தோலை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். ஊசி குத்தினது மட்டும்தான் வலி. முடிவு வர இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்தை நான் எப்படித் தள்ளுவது? நேற்று திரைச்சீலைக்கு உள்பக்கத்தை வெளியே வைத்துத் தைத்துவிட்டேன். நாலு மீட்டர் பிரித்தேன்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று டாக்டர் கேட்டார். அம்மாவுக்குக் கர்ப்பப்பைப் புற்று என்றேன். "அது வேறம்மா" என்றார்.

அக்கா


மே 15

அக்காவுக்கு,

எல்லோரும் நலமா? எனக்கு ஒன்றும் இல்லை. பள்ளியில் இரண்டு வண்டிக்கு ஒரே நாளில் கிளட்ச் போய்விட்டது. மெக்கானிக் வருவதாகச் சொல்லிச் சொல்லி ஏமாற்றுகிறான். புது வண்டி வாங்குவார்களாம். அறுபது வயது அம்மா இப்போது கண்ணைத் திறந்துகொண்டு ஓட்டுகிறார்.

முடிவு வந்ததும் உடனே எழுது. டாக்டர் கட்டி ஏதாவது பற்றிச் சொன்னாரா? ஒரு பக்கம் மட்டும் தடித்திருந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டாயா? கேட்டு எழுது.

தங்கை


மே 24

அன்புள்ள தங்கைக்கு,

உன் அக்காவுக்குப் புற்று இல்லை. முதலில் அதைப் படித்துக்கொள். நீயும் அங்கே சுகமாக இருக்கவேண்டும் என்று இந்தத் தடவை நிஜமாகவே வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

நோயின் பெயரைச் சீட்டில் எழுதி வாங்கினேன். லைக்கன் ஸ்க்லீரோசஸ். தோல் வெளுத்து, மெலிந்து, சுருங்கிப் போகும். டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இது தொத்து நோய் இல்லம்மா. உங்க வீட்டுக்காரர்கிட்டேர்ந்து வரல, அவருக்கும் போகாது. சுத்தமில்லாததால வந்ததும் இல்ல. உடம்போட எதிர்ப்பு சக்தியே நம்ம தோலைப் பகையாளியா நினைச்சுக்கிச்சுன்னு வெச்சுக்குங்க. முழுசா போகாது, அடங்கி இருக்கும்."

ஸ்டீராய்டு களிம்பு கொடுத்திருக்கிறார். பட்டாணி அளவு, வெள்ளைத் திட்டில் மட்டும். முதல் மாதம் தினமும், அடுத்த மாதம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்புறம் வாரத்துக்கு இரண்டு நாள். மெல்லிய தோலில் போடாதே என்று களிம்புக்குள் இருந்த காகிதம் எச்சரித்தது. மறுபடி போய்க் கேட்டேன். "பொதுவா அப்படித்தான் போடுவாங்க. இந்த நோய்க்கு இதுதான் மருந்து. நான் சொன்ன அளவுக்கு மேல போடாதீங்க" என்றார். ஐந்து நாளாகத் துணி சுற்றாமல் தூங்குகிறேன்.

மாமாவிடம் சொன்னேன். "இத்தனை மாசமா நான் என்ன தப்பு பண்ணேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன்" என்றார். பாவம் அந்த மனிதர்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். நூற்றில் மூன்று நாலு பேருக்கு அந்த இடத்தில் புற்று வரலாமாம். மருந்தை ஒழுங்காகப் போட்டால் ஆபத்து குறையுமாம். கட்டி, ஆறாத புண், ஒரு பக்கம் மட்டும் தடிப்பு இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாதாம். இது சில குடும்பங்களில் அக்கா தங்கைகளுக்கு வருமாம்.

நீ ஏப்ரலில் எழுதியதை டாக்டரிடம் காட்டினேன். "ரொம்ப சரியா எழுதியிருக்காங்க, இது யாரு?" என்று கேட்டார். அடியே, சாயங்காலம் நாலு மணிக்கு எரிச்சல் ஆரம்பிக்கும் என்று எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது? உனக்கும் இருக்கிறதா? கட்டியும் இருக்கிறதா?

பதில் வேண்டும்.

அக்கா


ஜூலை 2

அன்புள்ள அக்கா,

நீ நன்றாக இருப்பது தெரிந்து என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. என் நலம் பற்றி எழுதத்தான் இத்தனை நாளாக உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன்.

இருக்கிறது. ஆறு வருஷமாக அரிப்பு. கட்டி ஒரு வருஷமாக. இடது பக்கம், பயறு அளவில் இருந்தது, இப்போது மொச்சை அளவு. போன மாதத்திலிருந்து அதன் மேல் ஒரு புண், ஆறவில்லை.

அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் வரவில்லை அக்கா. அங்கேதான் வந்தது. அவளைக் குளிப்பாட்டும்போது நான் பார்த்துவிட்டேன். வெள்ளையாக வெளுத்த தோல், நடுவில் புண். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அக்காகிட்ட சொல்லிடாத. வயித்துப் புள்ளக்காரி பயந்துடுவா. யார்கிட்டயும் சொல்லாத, மானம் போயிடும்" என்று சொன்னாள். எனக்கு இருபத்தொரு வயது. சரி என்று சொன்னேன். டாக்டரிடம் போகும்போது எல்லாம் கைமீறிப் போயிருந்தது. அப்பா எல்லோரிடமும் கர்ப்பப்பை என்று சொல்லிக்கொண்டார். இருபத்தேழு வருஷம் நானும் அதையே சொன்னேன்.

உன் மார்ச் மாதக் கடிதத்தை வண்டி ஓட்டப் பழகுகிறவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். வெள்ளைத் திட்டு என்ற இடத்துக்கு வந்தபோது பிரேக்கை மிதித்துவிட்டேன். அந்தப் பெண் ஒரு தப்பும் செய்யவில்லை. உன்னை அனுப்பிவைக்க எனக்குத் தைரியம் இருந்தது. உனக்கு நல்ல முடிவு வந்தால் எனக்கும் அதே என்று நினைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கேவலமான கணக்கும் இருந்தது. இதற்கு நீ என்னை அடித்தாலும் தகும்.

தினமும் பிள்ளைகளை மருத்துவமனைத் தெரு வழியாகத்தான் ஓட்டவைக்கிறேன். அந்த வாசல் வந்ததும் "ஓரமா நிறுத்துங்க" என்று சொல்லத்தான் வாயைத் திறப்பேன். "நேரா போங்க" என்று வந்துவிடும். இரண்டு மாதமாக நேராகத்தான் போய்க்கொண்டிருக்கிறோம்.

கல்யாணம் ஆகாதவள் போய் அங்கே கட்டி என்றால் என்னென்ன கேட்பார்களோ. கேட்டால்கூடப் பரவாயில்லை. அம்மாவின் முகம்தான் கண்முன்னால் நிற்கிறது. காட்டினால் அது உண்மையாகிவிடும்.

மாமாவுக்குச் சொல்லாதே.

உன் தங்கை


ஜூலை 6

தங்கைக்கு,

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் ஏறுகிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கே இருப்பேன். மருமகள் உங்கள் ஊர் மருத்துவமனையில் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நேரம் வாங்கிவிட்டாள். மாமாவுக்குச் சொல்லிவிட்டேன். வைதுகொள்.

அம்மா விஷயத்தைச் சொல்லியிருந்தால் நான் எட்டு மாதம் சோப்புப் போட்டுக்கொண்டு இருந்திருப்பேனா? நீதான் ஆறு வருஷம் இருந்திருப்பாயா? அந்தச் சண்டையை நீ பிழைத்த பிறகு போடுகிறேன். அதற்காகவாவது பிழை.

கதவைத் திறந்து வை. வீட்டில் இருப்பதை ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிரு.

அக்கா


செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்ததை மருமகள் போனில் சொன்னாள். பத்து வாரம் பிரம்பு நாற்காலியில் தூங்கிய உன் இடுப்பு எப்படி இருக்கிறது? களிம்பை விடாமல் போடுகிறாயா?

நேற்று டாக்டரிடம் போனேன். நீ இல்லாமல் முதல் தடவை. ஆபரேஷனில் வெட்டி எடுத்த துண்டின் ஓரம் நாலு பக்கமும் சுத்தமாக இருக்கிறது, தொடை இடுக்கில் எடுத்துப் பார்த்த நெறிக்கட்டு இரண்டிலும் ஒன்றும் இல்லை என்று முழு அறிக்கையையும் மறுபடி படித்துக் காட்டினார். புற்று ஆரம்பக் கட்டம்தான் என்பதை இரண்டு தரம் சொல்லவைத்தேன். இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். "இப்போ எதுக்கும்மா அது?" என்றார். அந்தப் பதிலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

தையல் பிரித்த இடம் ஆறிவருகிறது. இன்னும் கோணலாகத்தான் உட்காருகிறேன். மிச்சமிருக்கிற வெள்ளைத் தோலுக்கு உன்னுடைய அதே களிம்பு. ஒரு மாதம் கழித்து வேலைக்குப் போகலாமாம். முதலாளியிடம் என்ன நோய் என்று சொன்னேன். அவர் காது சிவந்துபோய் மேஜையில் இருந்த சாவிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார். பிறகு, "தளர்வா பாவாடை போட்டுக்கிட்டு வாங்க பிரேக்கம்மா, பேன்ட் கட்டாயம் இல்ல" என்றார். நல்ல மனுஷன்.

நீ போடப்போவதாகச் சொன்ன சண்டையை இங்கே இருந்தபோது போடவே இல்லை. இருபத்தேழு வருஷத்துக்கும் சேர்த்து நான் காத்துக்கொண்டிருந்தேன். நீ கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாய்.

உடம்பு தேறுகிறது என்று எல்லோரிடமும் சொல்கிறேன். உன்னிடம் மட்டும் உள்ளதைச் சொல்கிறேன். குளிக்கும்போது கை அங்கே போனால் உறைந்துவிடுகிறேன். ஒரு சின்னத் தடிப்பு பட்டால் தையல் தழும்பா, புதுக் கட்டியா என்று தெரியாமல் ஈரத்தோடு நின்று நடுங்குகிறேன். பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று கண்ணாடியை எடுத்து, பார்க்காமலே வைத்துவிட்டேன். இதை யாரிடமும் சொல்லாமல் சமாளித்துவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன்.

அடுத்த பரிசோதனை டிசம்பர் மூன்றாம் தேதி, காலை பதினோரு மணி. ஐந்து நிமிஷ வேலைதான், தனியாகவே வரலாம் என்று நர்ஸ் சொன்னாள். எனக்கு முடியாது. பயமாக இருக்கிறது அக்கா. நீ வா.

உன் தங்கை